செம்பவாங் கடற்படைத் தளமும் படையாளரின் முதுமைக்கால மருத்துவமும்

செம்பவாங் என்பது ஒரு மரத்தின் பெயர். சிங்கப்பூரின் வடகரையில் ஒருகாலத்தில் வளர்ந்திருந்த அம்மரம் ஊருக்குத் தன் பெயரைத் தந்துவிட்டு, இன்று தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்கு அருகிவிட்டது. மரத்துக்குப்பின் ரப்பர் வந்தது. ரப்பருக்குப்பின் கப்பல் வந்தது. ஜொகூர் நீரிணையை நோக்கிய இக்கரையில் பெரியதொரு கடற்படைத் தளம் அமைப்பதென்று பிரித்தானிய அரசு 1923-இல் இடந்தேர்ந்து அறிவித்தது. மறு ஆண்டு ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி வேலையை நிறுத்தியது; அடுத்து வந்த கன்சர்வேட்டிவ் கட்சி மீண்டும் தொடங்கியது. 1928-இல் மிதக்கும் கப்பல் துறை ஒன்று கடல்வழியே இழுத்து வரப்பட்டது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் அமைந்த பெருந்துறை, அதாவது கப்பலை உள்ளே விட்டு நீரை இறைத்துவிட்டுப் பழுது பார்க்கும் துறை, 1938 பிப்ரவரி 14-இல் திறக்கப்பட்டது. சரியாக நான்கு ஆண்டும் ஒரு நாளும் கழிந்தபோது சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் இருந்தது.

இவ்வளவும் பள்ளிப் பாடநூல்களிலேயே உண்டு. நாம் ஈண்டு ஆராயப் புகுவது பீரங்கிகளின் கதையன்று. படைக்கும் படைத்தளத்துக்கும் உழைத்தவன் முதுமை எய்தி நோயுறும்போது அவன் மருத்துவச் செலவை ஏற்பவர் யார் என்பதே நம் வினா. செம்பவாங்கில் இவ்வினா மூன்றுமுறை மூன்று வகையாக எழுந்துள்ளது. தளத்தில் வேலை செய்த தமிழரும் மலையாளியரும் ஒருவகையாக அதனைச் சந்தித்தனர். பின்னாளில் இக்கரைக்கு வந்த அமெரிக்கக் கடற்படையினருக்கு அது வேறுவகையாக வந்தது. இங்கிருந்து தாயகம் திரும்பியோரும், அங்கே அவர்கள் ஊரிலேயே வாழும் இந்தியப் படையின் முன்னாள் வீரரும் மூன்றாம் வகையைக் கண்டனர்.

முதலில் தளத்துத் தொழிலாளர். போருக்குப்பின் பிரித்தானியர் திரும்பியதும் தளம் ஒரு நகரமாகவே வளர்ந்தது. கன்பரா, வெலிங்டன், ஆக்லாந்து, டர்பன், மொன்ட்ரியல் என்று பேரரசின் ஊர்ப் பெயர்களெல்லாம் அதன் சாலைகளுக்குச் சூட்டப்பட்டன. (நீலகிரியிலும் ஒரு வெலிங்டன் உண்டு, அங்கே இருப்பது மதராஸ் படைப்பிரிவின் பயிற்சி மையம். பேரரசு பெயர் சூட்டுவதில் மட்டும் சிக்கனம் காட்டியது.) எழுத்தர் வேலைகளில் மலையாளியரும் யாழ்ப்பாணத்தாரும், பட்டறைகளிலும் கூலி வேலைகளிலும் தமிழரும் மிகுதியாக இருந்தனர். தளத்துக்குள்ளேயே வரிசை வரிசையாக அவர்கட்குக் குடியிருப்புகள். கன்பரா சாலைப் பகுதியில் ஒரு மரத்தடியில் தோன்றிய முருகன் வழிபாடு பிறகு கோயிலாயிற்று. இன்று ஈசூனில் உள்ள புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயம் அதுவே. தொழிற்சங்கமும் வலுவாக இருந்தது. 1952 டிசம்பர் முடிவில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 10,000 பேர் ஈடுபட்டனர்.

இத்தனை பெரிய அமைப்பில் வீடு, தண்ணீர், விளக்கு, காயம்பட்டால் மருந்து ஆகிய யாவும் வேலையோடு பிணைந்திருந்தன. வேலை உள்ளவரை அவை உண்டு. வேலை நின்ற அன்றே அவையும் நிற்கும். வாயிற் கதவுக்கு உள்ளே இருப்பவன் தளத்து ஆள். வெளியே வந்துவிட்டவன் ஊர்ப் பொதுமகன். வெள்ளைக் கடற்படையாளன் நிலை வேறு. அவன் ஓய்வு பெற்றுத் தன் நாடு சென்றால், 1948 ஜூலை 5 முதல் அங்கே நடைமுறைக்கு வந்த தேசிய மருத்துவ சேவை அவனைப் பொதுமகனாகவே ஏற்றுக்கொண்டது. அவனுக்கென்று தனியான முதுமைக்கால மருத்துவத் திட்டம் தேவைப்படவில்லை. ஒரே பட்டறையில் வேலை செய்த இருவருக்கு முதுமை இவ்வாறு இரு வேறாக அமைந்ததைச் சம்பளப் பட்டியலைப் பார்த்து அறிய முடியாது. அவரவர் திரும்பிச் செல்லும் நாட்டைப் பார்த்தே அறிய வேண்டும்.

அக்காலத்துச் சிங்கப்பூரில் பொதுமகனுக்கு இருந்தது அரசாங்க மருந்தகம். 1960-இல் வெளிநோயாளியிடம் ஒரு வருகைக்கு 50 காசு வாங்கும் முறை வந்தது. சிறு தொகைதான். ஆயினும் மருத்துவம் முற்றும் இலவசம் என்ற கொள்கையை இந்நாடு விட்டு நீங்கியதற்கு முதல் அடையாளம் அந்த 50 காசே என்று கூறுவது மிகையாகாது. ஓய்வுக்கால வருவாய்க்கு மத்திய சேமநிதி 1955 ஜூலையில் தொடங்கியிருந்தது. தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. 55 வயதில் எடுத்துக்கொள்ளலாம். அதில் மருத்துவத்துக்கென்று தனிக்கணக்கு அப்போது இல்லை.

1968 ஜனவரி 16-இல் பிரித்தானியப் பிரதமர் வில்சன், சூயஸுக்குக் கிழக்கே உள்ள படைகள் 1971 முடிவுக்குள் திரும்பிவிடும் என்று அறிவித்தார். தளங்களால் வந்த வருவாய் நாட்டு வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எனக் கணக்கிடப்பட்டிருந்தது. ஆகவே அரசு முதலில் கவலைப்பட்டது வேலைகளைப் பற்றியே, அது இயல்புமாகும். செம்பவாங் கப்பல் பட்டறை நிறுவனம் 1968-இல் பதிவாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் கடற்படைப் பட்டறை அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரித்தானியப் படை மருத்துவமனையாக இருந்த அலெக்சாண்டிரா மருத்துவமனை 1971 செப்டம்பரில் சிங்கப்பூர் அரசிடம் வந்தது. திறமையுள்ள பலர் புதிய பட்டறையில் அமர்ந்தனர். குடியுரிமை பெறாதோர் பலர் கிடைத்த தொகையைப் பெற்றுக்கொண்டு கப்பலேறினர். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 'சிங்கப்பூர்க்காரர் வீடு' என்று இன்றும் சுட்டப்படும் வீடுகளுள் சில அக்காலத்துக் கப்பலில் திரும்பியோர் கட்டியவை. அவர்கள் என்ன ஆனார்கள் என்பதைக் கட்டுரையின் முடிவில் பார்ப்போம்.

இங்கே தங்கிவிட்ட ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் 1930-இல் பிறந்தவர். 1950-இல் தளத்தில் சேர்ந்தவர். தளம் மூடியபோது அவருக்கு வயது 41. கப்பல் பட்டறையில் தொடர்ந்து உழைத்தார். 1984 ஏப்ரலில் மெடிசேவ் வந்தபோது அவருக்கு 54. சம்பளத்தில் 6 விழுக்காடு அவர் பெயரிலேயே மருத்துவமனைச் செலவுக்கென ஒதுக்கப்பட்டது. இளைஞனுக்கு அது முப்பதாண்டுச் சேமிப்பு. இவருக்கோ சேர்க்க இருந்த காலம் சில ஆண்டுகளே. அதே 1984-இல் முதியோர் பிரச்சினைகளை ஆராய்ந்த ஹோ யூன் சோங் குழுவின் அறிக்கை, சேமநிதியை எடுக்கும் வயதை 55-லிருந்து உயர்த்தலாம் என்று கூறிற்று. மக்கள் சினந்தனர். ஆண்டு முடிவில் நடந்த தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு விழுக்காடு வெகுவாகக் குறைந்தது. ஒரு மனிதன் தன் சேமிப்பை மொத்தமாகக் கையில் வாங்குவதா, பகுதி பகுதியாகப் பிற்காலத்துக்கு வைப்பதா என்ற வினா சிங்கப்பூரில் அவ்வளவு சூடானதாக இருந்தது. நம்மவர் 55-ஐ எட்டியது 1985-இல். மெடிசேவில் ஒரு தொகையை விட்டுவைத்து மற்றதை எடுத்திருப்பார். மகள் திருமணத்துக்கோ வீட்டுக்கோ அது சென்றிருக்கும். அதில் தவறு காண நாம் யார்?

1990 ஜூலையில் மெடிஷீல்டு என்னும் காப்புறுதி வந்தது. அவருக்கு வயது 60. விரும்பாதவர் விலகிக்கொள்ளலாம் என்றொரு வாசல் அதில் இருந்தது. சந்தா கட்டுவதை வீண் என்று கருதி அவ்வாசல் வழியே வெளியேறியோரும் உண்டு. முன்பே நோயுற்றோருக்கு அந்நோயின் பொருட்டுக் காப்பு மறுக்கப்பட்டதும் உண்டு. ஈதல்லாமல் வயதெல்லையும் இருந்தது. அது படிப்படியாக உயர்த்தப்பட்டு 2013-இல் 90 ஆயிற்று. காப்புறுதி மிகத் தேவைப்படும் வயதில் காப்புறுதி முடிந்துவிடும் என்ற முரண்பாடு 2015 நவம்பர் 1-இல்தான் நீங்கியது. அன்று நடைமுறைக்கு வந்த மெடிஷீல்டு லைஃப் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவரையும் வாழ்நாள் முழுதும் சேர்த்துக்கொண்டது. முன்னரே கடும் நோயுள்ளோர் பத்தாண்டுக்கு 30 விழுக்காடு கூடுதல் சந்தா கட்ட வேண்டும். ஆனால் அவர்களை விலக்க முடியாது.

நம்மவருக்கு அப்போது 85. அதற்கு முந்திய ஆண்டு அறிவிக்கப்பட்ட முன்னோடித் தலைமுறைத் திட்டம், 1949 முடிவுக்குள் பிறந்து 1986 முடிவுக்குள் குடியுரிமை பெற்றோரைத் தழுவியது. அவர்களுள் 2014-இல் 80 வயதோ அதற்கு மேலோ நிரம்பியவர்களின் சந்தா முழுமையும் மானியத்தாலும் மெடிசேவ் நிரப்புதொகையாலும் ஈடுகட்டப்பட்டது. தளம் கொடுக்காத வாக்கை அரசு நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப்பின் கொடுத்தது எனலாம். ஆனால் அதைப் பெற்றுத் தந்தது தளத்தில் அவர் உழைத்த 21 ஆண்டுகள் அல்ல, குடியுரிமைச் சான்றிதழே. பக்கத்துப் பட்டறையில் அதே வேலை செய்து குடியுரிமை பெறாமல் நின்ற நண்பருக்கு இத்திட்டத்தில் இடமில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் 'குடியுரிமை எடுப்பதா, வேண்டாமா' என்று தேநீர்க் கடையில் உட்கார்ந்து வாதிட்டவர்கள் முதுமைக்கால மருத்துவத்தைப் பற்றியே வாதிடுகிறோம் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

இவ்விடத்தில் நம் இலக்கியத்தையும் கல்வெட்டையும் சற்றே நினைத்துப் பார்ப்பது பொருந்தும். நெடுநல்வாடையில் பாண்டியன் நள்ளிரவில் பாசறையினின்று வெளிப்போந்து புண்பட்ட வீரரைக் கண்டு செல்லும் காட்சியை ஆசிரியர்கள் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகின்றனர். போரில் மாண்டவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்னும் பெயரால் நிலம் விடப்பட்டதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. புண்பட்டவனுக்குப் பரிவும் மாண்டவனுக்குக் கல்லும் நிலமும் உண்டு. புண்படாமலும் மாளாமலும் வீடு திரும்பி, எழுபது வயதில் மூட்டு வலியும் மூச்சிரைப்பும் கொண்ட வீரனைப் பற்றி நம் புறத்திணை அவ்வளவாகப் பேசுவதில்லை. திருமுக்கூடல் கல்வெட்டு வேறொரு வகையில் நமக்கு உதவும். வீரராசேந்திர சோழன் காலத்ததாகிய அது, வீரசோழன் என்னும் பெயருடைய 15 படுக்கை மருத்துவமனையைக் குறிப்பிடுகிறது. மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், பணிப்பெண்டிர் ஆகியோருக்கான ஊதியமும் அதில் உண்டு. அம்மருத்துவமனை கோயிற் பணியாளருக்கும் அங்குப் பயின்ற மாணவர்க்கும் உரியது. வேலையோடு பிணைந்த மருத்துவம் பதினோராம் நூற்றாண்டிலேயே நம்மிடம் இருந்தது. பணி நீங்கியவனுக்கு அங்கே படுக்கை உண்டா என்பதைப் பற்றிக் கல்வெட்டு வாய் திறக்கவில்லை. செம்பவாங் தளத்தின் கதையும் அத்தகையதே.

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். பிரித்தானியர் சென்றபின் செம்பவாங் கரை வெறுமையாக இருந்ததில்லை. நியூசிலாந்துப் படை 1989 வரை இங்கு இருந்தது. பிலிப்பீன்சில் பினத்துபோ எரிமலை 1991-இல் வெடித்ததும் கிளார்க் விமானத்தளத்தை அமெரிக்கர் கைவிட்டனர். சுபிக் கடற்படைத் தளத்தை 1992-இல் ஒப்படைத்தனர். அவ்வாண்டிலேயே மேற்குப் பசிபிக் பகுதிக்கான அமெரிக்கக் கடற்படையின் வழங்கல் பிரிவு செம்பவாங்குக்கு வந்தது. கிளார்க்கிலிருந்த படை மருத்துவமனை மூடப்பட்டபோது, அதனை நம்பிப் பிலிப்பீன்சிலேயே குடியிருந்த ஓய்வுபெற்ற அமெரிக்க வீரர் நிலை இரங்கத்தக்கதாயிற்று. அது ஒரு பெருங்கதையின் சிறு கிளை.

பெருங்கதை இது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதன்பின்னும் ஆள் சேர்த்த அமெரிக்க அதிகாரிகள், 'இருபது ஆண்டு பணியாற்றினால் உனக்கும் உன் மனைவிக்கும் ஆயுள் முழுதும் இலவச மருத்துவம்' என்று சொல்லிச் சேர்த்தனர். எழுத்தில் இல்லை, வாய்ச்சொல்தான். 1956-இல் வந்த சட்டம், ஓய்வுபெற்றோருக்குப் படை மருத்துவமனையில் இடம் இருந்தால் மட்டுமே மருத்துவம் என்று வரையறுத்தது. 1965 ஜூலை 30-இல் குடியரசுத் தலைவர் ஜான்சன் மெடிக்கேர் சட்டத்தில் கையொப்பமிட்டார். 65 வயதான முதியோர்க்கு அரசு மருத்துவக் காப்பு தருவது அது. 1966 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் விளைவு எதிர்பாராதது. 65-க்கு உட்பட்ட ஓய்வுபெற்ற வீரருக்கு 1966-இல் ஒரு தனித்திட்டம் ஏற்பட்டது. 65 ஆனதும் 'உனக்கு மெடிக்கேர் இருக்கிறதே' என்று அத்திட்டம் அவரை வெளியேற்றியது. படை மருத்துவமனைகளும் 1990-களில் தளங்களோடு சேர்ந்து மூடப்பட்டன. ஆயுள் முழுதும் என்ற சொல்லுக்கு 65 வயது வரை என்பது பொருளாகிவிட்டது.

இதனை எதிர்த்து வழக்காடியவர் ஜார்ஜ் 'பட்' டே. வியட்நாம் போரில் ஐந்தாண்டுக்கு மேல் சிறையிருந்து, நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்ற விமானப்படைக் கர்னல்; ஓய்வுக்குப்பின் வழக்கறிஞர். அவர் 1996-இல் முதிய வீரர்கள் சார்பில் வழக்குத் தொடுத்தார். 2001-இல் மேல்முறையீட்டு மன்றத்தின் மூவர் அமர்வு வீரர் பக்கம் தீர்ப்பளித்தது. 2002 நவம்பரில் அம்மன்றத்தின் முழு அமர்வு அதனை மாற்றிற்று. ஆள் சேர்த்தவர்கள் வாக்குக் கொடுத்தது உண்மையே. ஆனால் நாடாளுமன்றம் சட்டமியற்றாமல் எந்த அதிகாரியும் கருவூலத்தைக் கட்டுப்படுத்தும் வாக்கைக் கொடுக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. சட்டப்படி அத்தீர்ப்பு சரியாக இருக்கலாம். பதினெட்டு வயதுச் சிறுவன், எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு அவ்வதிகாரம் உண்டா என்று அரசியற் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையொப்பமிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது மட்டும் நமக்கு உடன்பாடில்லை.

நீதிமன்றத்தில் தோற்றது நாடாளுமன்றத்தில் பெரும்பகுதி வென்றது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2000 அக்டோபரில் நிறைவேறிய சட்டத்தால் 'டிரைகேர் ஃபார் லைஃப்' என்னும் வாழ்நாள் திட்டம் பிறந்து, 2001 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மெடிக்கேர் முதலில் கொடுக்கும். எஞ்சியதில் பெரும்பகுதியை டிரைகேர் கொடுக்கும். தனிச் சந்தா இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: மெடிக்கேரின் 'பி' பகுதியில் வீரர் சேர்ந்திருக்க வேண்டும். மருத்துவமனைச் செலவுக்கான 'ஏ' பகுதி, பத்தாண்டு வரி செலுத்தி உழைத்தவருக்குச் சந்தாவின்றிக் கிடைக்கும். மருத்துவர் கட்டணம் முதலியவற்றுக்கான 'பி' பகுதிக்கோ மாதச் சந்தா உண்டு. 1966-இல் அது 3 டாலர். 2025-இல் 185 டாலர். வருவாய் மிக்கவருக்கு அதனினும் மிகுதி.

இப்போது செம்பவாங்கில் ஓய்வுபெற்று, இங்கேயே மணந்து, இங்கேயே தங்கிவிட்ட ஓர் அமெரிக்க மாலுமியை நினைத்துப் பாருங்கள். 65-ஆம் பிறந்தநாள் நெருங்குகிறது. மெடிக்கேர், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, அமெரிக்காவுக்கு வெளியே ஒரு காசும் கொடுக்காது. ஈசூன் கூ டெக் புவாட் மருத்துவமனையில் அவர் படுத்தால் மெடிக்கேர் அட்டை அங்கே செல்லாது. அப்படியிருக்க 2025 கணக்கில் மாதம் 185 டாலர், ஆண்டுக்கு 2,220 டாலர் எதற்குக் கட்ட வேண்டும்? கட்டாமல் விட்டால் டிரைகேரும் போய்விடும் என்பதே விடை. வெளிநாட்டில் மெடிக்கேர் ஒதுங்கிக்கொள்வதால் டிரைகேரே முதலாவதாகக் கொடுக்கும்; வீரர் ஆண்டுக்கழிவையும் தம் பங்கையும் மட்டும் ஏற்பார். ஆகவே அந்த 185 டாலர் உண்மையில் மெடிக்கேருக்கான சந்தா அன்று. டிரைகேரின் வாசலைத் திறந்து வைத்திருப்பதற்கான வாடகை. இந்நுட்பம் விளங்காமல் 'இங்கே செல்லாத காப்புக்கு ஏன் பணம்?' என்று கைவிடுவோர் பின்னர் வருந்த நேரும்.

காலமும் குறுகியது. பிறந்த மாதத்துக்கு முன் மூன்று மாதம், அம்மாதம், பின் மூன்று மாதம் ஆக ஏழு மாதமே சேரும் பருவம். படைவீரர் முந்திய மாதங்களிலேயே சேர்வது நன்று. பிந்தினால் இடையே டிரைகேர் அறுந்துபோகும். பருவத்தை முற்றும் தவறவிட்டால், ஆண்டுதோறும் ஜனவரி முதல் மார்ச் முடிய வரும் பொதுப்பருவத்துக்குக் காத்திருக்க வேண்டும். தாமதித்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் சந்தாவில் 10 விழுக்காடு தண்டம். அதுவும் ஆயுள் முழுதும். ஐந்தாண்டு பிந்தியவர் 2025 கணக்கில் 185-க்குப் பதில் 277 டாலர் 50 காசு கட்டுவார். முன்னாள் வீரர் நலத் துறையின் மருத்துவம் இருக்கிறதே என்று சிலர் கூறுவர். அத்துறை வெளிநாட்டில் பணியால் விளைந்த நோய்க்கே பொறுப்பேற்கும். வயதால் வந்த நோய்க்கு அன்று.

சிங்கப்பூர்த் தனியார் காப்புறுதி ஒன்றை வாங்கிவிட்டால் போதாதா என்பது நியாயமான கேள்வி. தனியார் காப்புறுதி, சேரும்போது உடலைச் சோதிக்கும்; இருக்கும் நோயை விலக்கும்; வயது ஏற ஏறச் சந்தாவை ஏற்றும். 'பி' பகுதியின் சந்தா வயதையோ நோயையோ பார்ப்பதில்லை. 66-க்கும் 90-க்கும் ஒரே அளவு. ஈதன்றி, மனைவி மறைந்தபின் மகள் வீட்டுக்கு அமெரிக்கா திரும்பும் முதியவர் பலர். அங்கே 'பி' இல்லாமல் போய் இறங்குவது குடையின்றி மழையில் இறங்குவது போன்றதே. எனவே பெரும்பாலோர்க்குச் சேர்ந்துவிடுவதே தக்கது என்பது எம் கருத்து. நிரந்தரவாசம் பெற்றவருக்கு மட்டும் கணக்குச் சற்று மாறும். மெடிஷீல்டு லைஃப் அவரைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும். ஆனால் அது அரசாங்க மருத்துவமனையின் 'பி2', 'சி' வகுப்பு வார்டுகளின் மானியக் கட்டணத்தை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. அவ்வார்டில் படுக்க ஒப்புவோர்க்கு அது நல்ல காப்பு. தனியறை வேண்டுவோர்க்குப் போதாது.

மூன்றாம் வகைக்குத் தாயகம் செல்வோம். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு இராணுவப்பேட்டை என்றே மறுபெயர் வழங்குகிறது. தலைமுறை தலைமுறையாக அவ்வூர் படைக்கு ஆள் கொடுத்திருக்கிறது. இத்தகைய ஊர்களில் ஓய்வுபெற்ற சிப்பாய்க்கு நெடுங்காலம் இருந்த உரிமை, தொலைவிலுள்ள படை மருத்துவமனையில் இடமிருந்தால் மருத்துவம் என்பதே. பேருந்தேறிப் போய்ச் சேருமுன் நோய் முற்றிவிடும். 1997 முதல் ஓய்வூதியத்தோடு மாதம் 100 ரூபாய் மருத்துவப் படி கொடுக்கும் முறையும் ஏற்பட்டது. 2003 ஏப்ரல் 1-இல் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் தொடங்கியது. தரத்துக்கேற்ப ஒருமுறை மட்டும் பணம் கட்ட வேண்டும். தனி மருந்தகங்கள் உண்டு. அங்கிருந்து எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தத் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டாமல் மருத்துவம் பெறலாம். அந்நாளுக்குப்பின் ஓய்வு பெறுவோர்க்கு அது கட்டாயம். முன்னரே ஓய்வு பெற்றோர் விரும்பினால் சேரலாம். சேர்ந்தால் மாதப் படி நின்றுவிடும்.

இங்கேதான் பல முதியவர் தடுமாறினர். மாதந்தோறும் கைக்கு வரும் 100 ரூபாய் கண்ணுக்குத் தெரிகிறது. என்றோ வரப்போகும் இதய அறுவைக்கான காப்புக் கண்ணுக்குத் தெரிவதில்லை. 1996-க்கு முன் ஓய்வு பெற்றோரிடம் பங்களிப்பும் வாங்குவதில்லை என்ற சலுகை ஏற்பட்டபின்னும் படியை விட மனமின்றி நின்றோர் உண்டு. 2017-இல் அப்படி மாதம் 1,000 ரூபாயாக உயர்ந்தது. பெரிய மருத்துவமனையில் ஒரு நாளைக்குக்கூட அது காணாது. சேமநிதியை 55-இல் கையில் வாங்க நின்ற சிங்கப்பூர்த் தொழிலாளியின் மனமும் இதுவேதான்.

2024 அக்டோபர் 29-இல் இந்திய அரசு மற்றொரு கதவைத் திறந்தது. 70 வயது நிரம்பியோர் அனைவருக்கும், வருவாய் பாராமல், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைக் காப்பு. முன்னாள் படைவீரர் திட்டத்தில் ஏற்கெனவே இருப்போர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 'ஐந்து லட்சம்' என்ற சொல்லின் கவர்ச்சியில் பழைய திட்டத்தை விட்டுவிடுவது தவறு என்று எண்ணுகிறோம். ஆயுஷ்மான் காப்பு மருத்துவமனையில் படுத்தால்தான் உதவும். படைவீரர் திட்டமோ மாதாமாதம் வேண்டிய நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளையும் மருந்தகத்தில் கொடுக்கிறது. எழுபது வயதுக்குமேல் செலவு வைப்பது பெரும்பாலும் அந்த மாத்திரைகளே.

புதிய கதவு யாருக்குப் பயன்படும் எனின், 1971-இல் செம்பவாங்கிலிருந்து கப்பலேறியவருக்கு. அவர் படைவீரர் அல்லர். ஆகவே இந்தியப் படையின் திட்டத்தில் இடமில்லை. சிங்கப்பூர்க் குடிமகன் அல்லர். ஆகவே முன்னோடித் தலைமுறையில் இடமில்லை. பிரித்தானியக் கடற்படைக்கு உழைத்தவர். ஆயினும் பிரித்தானியாவில் வாழ்பவர் அல்லர். ஆகவே அந்நாட்டு மருத்துவ சேவையிலும் இடமில்லை. இடைக்காலத்தில் தமிழ்நாட்டில் 2009 முதல் மாநில அரசின் காப்பீட்டுத் திட்டம் ஏழைக் குடும்பங்களுக்கு உதவியது. அதன் வருவாய் வரம்பைக் கடந்திருந்தால் அதுவும் இல்லை. 1940-இல் பிறந்து, முப்பத்தொரு வயதில் ஊர் திரும்பியவர் உயிரோடிருப்பின், ஆயுஷ்மான் அட்டை அவருக்கு எட்டியது எண்பத்து நான்காம் வயதில்.